வார்தாவில் இரண்டு தமிழர்: உணவும் கல்வியும் மருந்தான வரலாறு

எங்கள் சமண மரபில் தானம் நான்கு வகை என்பார்கள். அன்ன தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம். அதாவது உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். இவற்றில் முதல் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று. சரியான உணவே பாதி மருந்து. எது சரியான உணவு என்று தெரிந்துகொள்வது கல்வி. சொல்வது எளிது, நடத்திக் காட்டுவது கஷ்டம். நடத்திக் காட்டிய தமிழர் இருவர், நாம் பிழைக்க வந்த இந்த விதர்ப்ப மண்ணிலேயே, நாகபுரிக்குப் பக்கத்து வார்தாவில் வாழ்ந்தார்கள். ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. இன்னொருவர் யாழ்ப்பாணத் தமிழர் இ.டபிள்யூ. ஆரியநாயகம். இங்கே வளரும் நம் பிள்ளைகள் இந்த இரண்டு பேரையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளை அரிசியும் கால் மரப்பும்

முதலில் அரிசியின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் வீட்டுப் பெண்கள் உரலில் குத்திய அரிசிதான் உணவு. ஆலை வந்ததும் தவிடு முழுக்க நீங்கி அரிசி வெள்ளைவெளேர் என்று ஆனது. வெள்ளை அரிசி மதிப்பாகவும் கருதப்பட்டது. அதோடு 'பெரிபெரி' என்ற நோயும் கூடியது. கால் மரத்துப்போகும், வீங்கும், முற்றினால் இதயம் நின்றுபோகும்.

காரணத்தைக் காட்டிக் கொடுத்தவை கோழிகள். 1890-களில் ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் எய்க்மான், மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடுவதையும், தீட்டாத அரிசி போட்டதும் தேறுவதையும் கண்டார். தவிட்டில் உயிர்ச்சத்து ஒன்று இருப்பது பிறகு விளங்கியது. அதுவே இன்று நாம் வைட்டமின் பி1 என்பது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கத்து ஆராய்ச்சி குன்னூரில் நடந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் உணவில் எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. சென்னை மாகாண அரிசிச் சாப்பாட்டில் வளர்ந்தவை மெலிந்து சிறுத்துப்போயின. அரிசியை மட்டும் நம்பி, பாலும் கீரையும் பருப்பும் குறைந்த சாப்பாட்டின் பலன் அது.

1935-இல் மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்றவர் அய்க்ராய்டு. அவரும் உடன் உழைத்தவர்களும் 1940-இல் வெளியிட்ட அரிசி ஆய்வைத் தமிழன் ஒவ்வொருவனும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி வாட்டியது. அதே மாகாணத்தில், அதே ஆலை அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. என்ன வித்தியாசம்? நம்ம ஊர்ப் பக்கம் நெல்லைப் புழுக்கி அரைத்தார்கள், அவ்வளவுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிப் படிந்துவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் பி1 சத்து 0.06 மில்லிகிராம். ஆலைப் புழுங்கலரிசியில் 0.21. மூன்று மடங்குக்கும் மேல்! விஞ்ஞானம் பெயர் வைக்கும் முன்பே நம் பாட்டிமார் அண்டாவில் இந்த மருந்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

மகன்வாடியில் குமரப்பா

1892-இல் பிறந்த குமரப்பா லண்டனில் கணக்காளர் படிப்பு முடித்து, பம்பாயில் தொழில் நடத்தியவர். அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கோட்டைக் கழற்றிக் கதருக்கு மாறினார். 1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் ஆனார். ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் மகன்வாடி என்ற பெயரில் அதற்கு இடமாயிற்று.

அங்கே செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கைத்திரிகை மாவு, தேன், பனைவெல்லம் எல்லாவற்றுக்கும் சோதனையும் பயிற்சியும் நடந்தன. குமரப்பா இதைப் பழமைப் பற்றாகப் பார்க்கவில்லை, கணக்காளராகத்தான் பார்த்தார். நெல் ஆலைக்குப் போனால் கிராமத்தாள் கூலியை இழக்கிறாள், சாப்பிடுகிறவன் சத்தை இழக்கிறான். இரண்டு பக்கமும் நஷ்டம். பனைமரம் வேறெதற்கும் ஆகாத மேட்டு நிலத்தில் வளர்கிறது. அதில் வெல்லம் காய்ச்சினால் கரும்புக்குப் போகும் நல்ல நிலம் தானியத்துக்கு மிஞ்சும். ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்துக்கு எத்தனை நிலத்தில் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி, பழம் பயிரிட்டால் சமச்சீர் உணவு அங்கேயே கிடைக்கும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார்.

கைக்குத்தல் அரிசி ஏன் தோற்றது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மளிகைக்காரனுக்கு இது தெரியும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்தால் காறல் வாடை வரும், வண்டும் சீக்கிரம் விழும். தூர ஊருக்கு ஏற்றி அனுப்ப வெள்ளை அரிசிதான் தாங்கும். ஆக, தீட்டாத அரிசி பக்கத்திலேயே விளைந்து, குத்தி, சீக்கிரம் உண்ண வேண்டிய பண்டம். குமரப்பா உள்ளூர் உணவை வலியுறுத்தியதற்கு இந்த நடைமுறை நியாயமும் உண்டு.

சேவாக்கிராமத்தில் ஆரியநாயகம்

வெறும் பிரசாரத்தால் சாப்பாட்டுப் பழக்கம் மாறுமா? மாறாது. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் ஆதாரக் கல்வித் திட்டம் உருவாயிற்று. ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்து பாடத்திட்டம் வகுத்தது. சாந்திநிகேதனில் பணியாற்றி, தாகூரின் செயலாளராகவும் இருந்த ஆரியநாயகம், தம் வங்காள மனைவி ஆஷாதேவியுடன் இப்பணியைத் தோளில் ஏற்றார்.

சேவாக்கிராமப் பள்ளியில் நூல் நூற்பு மட்டுமே பாடம் என்று நினைப்பவர் உண்டு. அப்படியல்ல. காய்கறித் தோட்டம் பாடம், சமையல் பாடம், கக்கூஸ் சுத்தம் செய்வதும் பாடம். கீரைப் பாத்தியில் கணக்கும் தாவரநூலும், அடுப்படியில் உடல்நூலும் கற்றார்கள். மலம் எருவாகி, எரு கீரையாகி, கீரை இரத்தமாவதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளைக்குச் சுகாதாரத்தைத் தனியாகப் போதிக்க வேண்டுமா?

காலப்போக்கில் ஆதாரக் கல்வி வழக்கமான பள்ளிகளோடு கரைந்துபோனது. குமரப்பா கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் கல்லுப்பட்டிக்குப் போய், 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே மறைந்தார். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

நமக்கு என்ன பாடம்?

பெரிபெரி இன்று பெரிதாக இல்லை. அந்த இடத்தில் சர்க்கரை நோய் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு அது உண்டு. இரண்டும் வேறு வேறு நோய்கள்தான். ஆனால் தட்டு நிறைய தீட்டிய சோறு, ஓரத்தில் கொஞ்சம் காய் என்கிற வழக்கம் அன்றும் கெடுதி, இன்றும் கெடுதி.

அரிசி மூட்டை விற்றுப் பிழைக்கும் நானே சொல்கிறேன். ஊர் ஞாபகத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் பளபளப்பான பொன்னியில் மட்டும் தமிழ்ப் பண்பாடு இல்லை. இங்கே ஜோவார் என்று குவிந்து கிடப்பது நம் சோளம். அம்பாடி என்று கூடையில் வருவது நம் புளிச்சக்கீரை. ஷேவ்கா நம் முருங்கை. மேத்தி நம் வெந்தயக்கீரை. பெயர்தான் மராட்டி, சத்து நம்முடையதே. சோறு வேண்டுமென்றால் புழுங்கலரிசி இருக்கட்டும். அளவைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டுங்கள். நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு நடக்கவும்.

நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தினால், மாதம் ஒரு வகுப்பைச் சந்தையில் நடத்தலாம். ஒவ்வொரு கீரைக்கும் தமிழ்ப் பெயர் என்ன, மராட்டிப் பெயர் என்ன என்று பிள்ளைகள் எழுதி வரட்டும். வாங்கியதைத் தாய்மாரோடு சேர்ந்து சமைக்கட்டும். மொழியும் வளரும், உடம்பும் தேறும். விடுமுறையில் ஒருநாள் வார்தாவுக்கு அழைத்துப் போய் மகன்வாடியையும் சேவாக்கிராமத்தையும் காட்டுங்கள். பிழைக்க வந்த இடத்தில் நமக்கு முன்பே இரு தமிழர் வந்து, இந்த ஊர் ஏழைகளின் தட்டையும் பலகையையும் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.