தஷன்னுஜ்: இப்னு சீனாவின் கேள்வியும் இன்றைய பரிசோதனைகளும்

பருத்திப்பட்டில் எம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவனுக்குச் சென்ற ஆண்டு கைவிரல்கள் தாமாகவே குவிந்து விறைத்தன. வீட்டார் ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள், தாயத்தும் கட்டினார்கள். மூன்று வாரம் கழிந்த பின்னரே இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. கால்சியம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஓதிப் பார்ப்பதை நான் குறை கூறவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் நபி (ஸல்) அவர்களே அல்லவா?

இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தில் நரம்பு நோய்களைத் தனியே ஆராய்ந்தார். தசை இழுப்பை அவர் ‘தஷன்னுஜ்’ என்றார். நடுக்கத்திற்கு ‘ரஃஷா’, துடிப்பிற்கு ‘இக்திலாஜ்’ என வேறு பெயர்கள் உண்டு. தஷன்னுஜிலும் உடலில் நீர்மை மிகுந்து வருவது ஒன்று, வறட்சியால் வருவது மற்றொன்று. இப்பகுப்பு கிரேக்கரிடமிருந்து வந்தது. முன்னது திடீரெனத் தாக்கும். பின்னது கடுங்காய்ச்சல், மிகுந்த பேதி ஆகியவற்றின் பின் மெல்லத் தோன்றும். ஆகவே எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நேர்ந்தது என்று வினவாமல் மருந்து கொடுக்க இயலாது.

அவருடைய நீர்மைக் கோட்பாடு இன்று வழக்கில் இல்லை. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பேதிக்குப் பின் இழுப்பு வந்தால் இன்றைய மருத்துவர் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவைப் பார்க்கிறார். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துரூசோ, மேற்கையை இறுக்கினால் விரல்கள் குவிவதைக் கண்டார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கொண்டே இன்று அதைச் செய்கிறார்கள். கால்சியக் குறைவின் அடையாளம் அது.

பலரும் அஞ்சுவது இ.எம்.ஜி. எனும் ஊசிப் பரிசோதனைக்கே. தவளைக் காலின் தசை மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலியர் கால்வானி 1791இல் எழுதினார். தசைக்குள் செருகும் மின்னூசி 1929இல் வந்தது. அவ்வூசி வழியாக மருந்து எதுவும் செலுத்தப்படுவதில்லை. அது தசையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும், அவ்வளவே. ஓய்வில் நலமான தசை அமைதியாக இருக்கும். அப்போதும் ஓயாத மின்துடிப்பு தெரிந்தால் நரம்பிலோ தசையிலோ கோளாறு இருக்கலாம். முடிவு இயல்பாக வந்தால் “வீண் செலவு” என்பார்கள். ஓர் ஐயம் நீங்கியதே பயன்தான்.

1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய சென்னை அரசு பொது மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை. ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. இழுப்பு தொடங்கிய நாள், எந்த உறுப்பு, எவ்வளவு நேரம், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். தாடை இறுகினாலோ மூச்சு தடைப்பட்டாலோ தாளைத் தேட வேண்டாம், உடனே புறப்படுங்கள்.