மலைக்கு அப்பால் ஒரு கழலை: பல்லேகமவும் வியர்வைச் சுரப்பிப் புற்றுநோயின் வரலாறும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறச் சரிவில் அமைந்த பல்லேகம, இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் முகட்டைக் கடந்து இறங்கும் பாதை வழியாகவே மாவட்டத் தலைநகருடன் பெரிதும் தொடர்புற்றிருந்தது. வயலையும் சேனையையும் நம்பி வாழ்ந்த இத்தகைய ஊர்களில், தோலின் வியர்வைச் சுரப்பிகளில் தோன்றும் அரிய புற்றுநோய் ஒன்று எப்போது, எவ்வாறு அறியப்படத்தக்கதாயிற்று என்று ஆராய்ந்தால், விடை மருந்தைக் காட்டிலும், வெட்டியெடுத்த திசு கெடாமல் நெடுந்தூரம் பயணிக்க இயன்ற காலத்தையே சார்ந்திருப்பது புலனாகும்.

தோற்புண்களை வகைப்படுத்தும் முயற்சி இலங்கையில் புதியதன்று. கட்டி, புண், புற்று ஆகியவற்றுக்கு மருந்திடுவது சிங்களச் சுதேச மருத்துவத்தில் தனித்துறையாகவே போற்றப்பட்டு, குடும்பவழியாகக் கைமாற்றப்பட்டது. பிரித்தானிய ஆட்சியின் கவனமோ, உள்நாட்டு வறண்ட பிரதேசங்களை வாட்டிய பறங்கி நோயின்பால் திரும்பியது. தீவின் தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியான கின்சி 1881 இல் அதுபற்றி அறிக்கை வெளியிட்டார். 1905 இல் கொழும்பில் பணியாற்றிய கஸ்தெல்லானி, அந்நோய்ப் புண்ணின் கசிவிலேயே அதற்குக் காரணமான சுருள்வடிவ நுண்ணுயிரைக் கண்டறிந்தார். புண்ணின் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தாலே பறங்கி நோய் வெளிப்பட்டுவிடும். புற்றுக்கழலையோ, அதன் உயிரணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு குலையாமல் மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டாலன்றித் தன் பிறப்பிடத்தைக் காட்டுவதில்லை.

வியர்வைச் சுரப்பிகளைப் பற்றிய அறிவும் படிப்படியாகவே வளர்ந்தது. 1833 இல் பர்க்கின்யே அவற்றின் சுருண்ட குழாயமைப்பை விவரித்தார். 1922 இல் ஷீஃபர்டெக்கர், உடலெங்கும் பரவி நீர்த்த வியர்வையைச் சுரக்கும் எக்ரீன் வகையையும், அக்குள் முதலிய இடங்களில் மயிர்க்காலை ஒட்டி அமையும் அபோக்ரீன் வகையையும் வேறுபடுத்தினார். எக்ரீன் நாளம் தோலின் மேற்படையைத் துளைத்துச் செல்லும் பகுதியிலிருந்து தோன்றும் தீங்கற்ற கழலையான போரோமாவை 1956 இல் பின்கஸும் உடன் ஆய்வாளர்களும் விவரித்தனர். அதன் புற்று வடிவத்தை 1963 இல் பின்கஸும் மெஹ்ரெகனும் எடுத்துக்காட்ட, 1969 இல் மிஷிமாவும் மொரியோகாவும் அதற்குப் போரோகார்சினோமா என்னும் பெயரைச் சூட்டினர். 1982 இல் விவரிக்கப்பட்ட நுண்நீர்க்கட்டிப் புற்று, பெரும்பாலும் முகத்தில் மெல்ல வளர்ந்து நரம்புகளைச் சுற்றி ஊடுருவும் மற்றொரு வகையாகும்.

இவை வெறுங்கண்ணுக்கு அகப்படாமைக்குத் தக்க காரணம் உண்டு. முதியோரின் காலில் பல ஆண்டுகள் அசைவற்றுக் கிடந்த சிறுகட்டி திடீரெனப் பருத்தும், புண்ணாகியும், குருதி கசிந்தும் காணப்படினும், அது மருவாகவோ வேறொரு தோற்புற்றாகவோ கருதப்படுவதே இயல்பு. நுணுக்குக்காட்டியின் கீழும் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை. மார்பகம், நுரையீரல் முதலிய உறுப்புகளிலிருந்து தோலுக்குப் பரவிய புற்றும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். ஆகையால் நோயியலாளர் நாள அமைப்பின் அடையாளங்களைத் தேடுவதுடன், குறிப்பிட்ட புரதங்களை நிறமூட்டிக் காட்டும் நோயெதிர்ப்புத் திசுவேதியியல் முறையையும், நோயாளியின் பிற உறுப்புகளின் பரிசோதனையையும் துணைக்கொள்கின்றனர். 2019 இல் யப்பானிய ஆய்வாளர்கள் போரோமா, போரோகார்சினோமா கழலைகள் பலவற்றில் யாப்1 என்னும் மரபணு பிற மரபணுக்களுடன் ஒட்டியிருப்பதைக் கண்டறிந்தது, இத்தேடலுக்கு மேலும் ஒரு சான்றை வழங்கியது.

இவ்வறிவு மலையோர ஊர்களுக்கும் பயன்படுவதற்கு வழிவகுத்தது 1893 இல் ஃபெர்டினாண்ட் புளூம் கண்டறிந்த ஓர் உண்மை: ஃபோர்மலின் கரைசலில் இட்ட திசு அழுகாமல் இறுகி நிலைக்கிறது. அதன் பின், நுணுக்குக்காட்டி இல்லாத இடத்திலும் கத்தி மட்டும் இருந்தால் போதுமானதாயிற்று. சத்திரசிகிச்சை செய்தவர் திசுவைப் போத்தலில் இட்டுத் தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். 1870 இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னரும் மத்திய மலைநாட்டுக்கு ஆய்வுகூடங்கள் எட்டாத் தொலைவிலேயே இருந்தன. 1962 இல் பேராதனையில் மருத்துவ பீடம் தோன்றியதால் நோயியல் கல்வி கண்டிக்கு அருகில் வந்தது. 1985 முதல் பேணப்பட்டு வரும் தேசிய புற்றுநோய்ப் பதிவேடு, அரிய நோய்களையும் ஒரே கணக்கில் திரட்ட வழிசெய்தது.

சிகிச்சையின் அடிப்படை இன்றும் கத்தியே. கழலையைச் சுற்றி நலமான தோலையும் சேர்த்து அகலமாக அகற்றுவது பொதுவழக்கு. வெட்டிய விளிம்பு முழுவதையும் உடனுக்குடன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, புற்று எஞ்சியுள்ள இடத்தில் மட்டும் மீண்டும் வெட்டும் மோஸ் முறை 1930களில் அமெரிக்காவில் உருவானது. 69 போரோகார்சினோமா நோயாளிகளை ஆராய்ந்து 2001 இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் நோய் மீண்டும் தோன்றியது 17 விழுக்காட்டினருக்கு. நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியது 19 விழுக்காட்டினருக்கு. உடலெங்கும் பரவிய நிலையில் மருந்துகளின் பயன் குறைவென்பதால், முதல் அறுவையின் விளிம்பும் அதன் பின்னான நீண்டகாலக் கண்காணிப்புமே நோயாளியின் கதியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

களு கங்கை நீர்த்தேக்கத்தில் பழைய பல்லேகம நகர் மூழ்கியதால், அதற்கு மாற்றாக 2019 இல் லக்கலை புதிய நகரம் திறந்துவைக்கப்பட்டது. அங்குள்ள ஒருவரின் காலிலிருந்து அகற்றப்படும் கட்டி மாத்தளைக்கும், தேவையெனில் கண்டித் தேசிய வைத்தியசாலைக்கும் செல்ல இன்று வழியுண்டு. எனினும், அற்பக் கட்டியென எண்ணி அதனைக் குப்பையில் எறிந்துவிட்டால் இந்த ஒழுங்கமைப்பு முழுவதும் பயனற்றுப்போகும். ஆதலால் தோலிலிருந்து அகற்றப்படும் ஐயத்துக்குரிய ஒவ்வொரு கட்டியையும் ஆய்வுக்கு அனுப்பும் வழக்கமே, எந்தப் புதிய மருந்தையும் விட, இந்நோயின் வரலாறு விட்டுச்சென்ற பயனுள்ள பாடமாகும்.