சேற்றில் இறங்கிய கால்கள்

மாண்டொழிந்த உயிர்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு எலும்பே ஏடு. எவ்வளவு பெரிய மனிதர் சொல்லுக்காகவும் எலும்பு தன் வடிவை மாற்றிக் கொள்வதில்லை. இதற்கு டோடோ என்னும் பறவையின் கதையை யாம் சான்றாகக் காட்டுவோம்.

டோடோ, இந்துமாக் கடலிலுள்ள மொரீஷியஸ் தீவில் மட்டும் வாழ்ந்தது, பருத்த உடலும் வளைந்த அலகும் உடையது, பறக்க இயலாதது. 1598-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அத்தீவில் இறங்கினர். அவர்தம் வேட்டையும், கப்பல்களோடு வந்த எலி, பன்றி, குரங்கு ஆகியன முட்டைகளைத் தின்றதும் சேர்ந்து, ஏறக்குறைய நூறாண்டுக்குள் அவ்வினத்தை அடியோடு அழித்தன.

பின்னர் எஞ்சியவை சில படங்களும், ஆக்ஸ்போர்டிலிருந்த தலை, கால் முதலிய சில உறுப்புகளுமே. ஆகவே கற்றோர் தத்தம் மனம் போனவாறு பேசினர். தீக்கோழியின் இனம் என்றனர் சிலர். கழுகின் இனம் என்றனர் வேறு சிலர். புறாவின் இனம் என்று டென்மார்க்கு நாட்டு ரெய்ன்ஹார்ட் கூறியபோது பலர் நகைத்தனர். ஸ்டிரிக்லண்டு, மெல்வில் என்னும் இருவரோ உயிருள்ள பறவைகளின் எலும்புகளோடு அவ்வுறுப்புகளை ஒப்பிட்டு, அது புறாவே என்று 1848-இல் நூலெழுதி விளக்கினர்.

1865-இல் ஜார்ஜ் கிளார்க் என்னும் பள்ளியாசிரியர், மொரீஷியஸ் கரும்புத் தோட்டமொன்றிலிருந்த மார் ஓ சோஞ்ச் என்னும் சதுப்பில், ஏறத்தாழ 3 அடி ஆழ நீரில் ஆட்களை இறக்கினார். அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவி டோடோவின் காலெலும்பைக் கண்டெடுத்தனர். அதன்பின் எலும்புகள் ஏராளமாக வெளிவந்தன. அவற்றை லண்டனில் ஆராய்ந்தவர் ரிச்சர்டு ஓவன். முன்னர்க் கழுகினம் என்று கருதிய அவரே, 1866-இல் புறாவினம் என ஒப்புக்கொண்டார். 2002-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியும் அம்முடிவை உறுதி செய்தது. இன்று வாழும் பறவைகளுள் டோடோவுக்கு நெருங்கிய உறவு, நிக்கோபார் முதல் மலாய்த் தீவுக்கூட்டம் வரையுள்ள சிறு தீவுகளிலும் அதற்கப்பாலும் வாழும் நிக்கோபார்ப் புறாவே என்பதும் தெளிவாயிற்று.

நிற்க. கிளார்க்கின் பெயரும் ஓவனின் பெயரும் நூல்களில் உள்ளன. சேற்றில் இறங்கியோர் பெயர் கிளார்க்கின் கட்டுரையில் இல்லை. ஆட்கள் என்பதோடு சரி. 1834 முதல் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தத்தின்பேரில் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். தமிழரும் அவருள் இருந்தனர். 1865-இல் அங்குத் தோட்ட வேலை பெரும்பாலும் இந்தியர் கையிலேயே இருந்தது. நாள்தோறும் செக்ரோல் எழுதும் எமக்கு, பெயரிட்டு எழுதப்படாத உழைப்பின் பொருள் நன்கு விளங்கும்.

ஆராய்ச்சியெல்லாம் துரைமார் தொழில், நமக்கு எட்டாதது என்று நம்மவர் ஒதுங்குகின்றனர். அவ்வாராய்ச்சிக்கு முதற்பொருளை எடுத்துத் தந்தவை தோட்டத்தில் இறங்கிய வெறுங்கால்களே அன்றோ! காலால் தடவி எடுத்ததைக் கண்ணால் படித்தறியும் கல்வி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அக்குறை நம் பிள்ளைகளோடாவது தீரட்டும். அவர்களைப் பள்ளியில் இடையில் நிறுத்தாது, படிப்பு முடியும்வரை அனுப்புவோமாக.