செபாத்துக் கரையின் திமிங்கிலம்

மெர்லிமாவிலிருந்து மூவார் செல்லும் சாலையில் தெற்கே சிறிது தூரத்தில் உள்ள செபாத்து என்னும் சிற்றூரில், வழிப்போக்கர் நின்று நோக்கத்தக்க விசேஷம் ஏதுமில்லை. ஆயினும் 1892 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டான் சே யான் என்னும் சீனர் மலாக்காவில் முதன்முதலாக ரப்பர்த் தோட்டம் போடுவதற்கு நான்காண்டுகள் முன்னதாக, நம்மவர் இன்று ‘பால்மரம்’ என்று அழைக்கும் மரம் இப்பிரதேசத்தின் ஜீவனமாகாத காலத்தில், இக்கரையில் ஒரு பெருந்திமிங்கிலம் ஒதுங்கி உயிர்நீத்தது.

மலாக்காவை அப்போது நிர்வகித்த ஹெர்வி துரை அதன் எலும்புகளைச் சிங்கப்பூர் இராஃபிள்ஸ் அரும்பொருட்காட்சிசாலைக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். சமுத்திரம் கொடுத்ததைத் துரை தானம் செய்தார் என்று சொல்வதே பொருத்தம். தானம் பெற்றவர்களுக்கோ அதை வைக்க இடமில்லை. பதினைந்தாண்டுகள் கிடந்து, 1907 இல் புதிய கட்டடம் எழுந்த பின்னரே, குறைந்த எலும்புகளுக்குப் பதில் செயற்கை உறுப்புகள் பொருத்தப்பட்டு, 42 அடி நீளமுள்ள அவ்வுருவம் விதானத்திலிருந்து தொங்கவிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வளர்ந்தார்கள்.

அந்நிறுவனம் இயற்கை வரலாற்றைக் கைவிட்டுச் சரித்திரத்தையும் கலையையும் பற்றிக்கொண்டபோது, 1974 இல் எலும்புக்கூடு கோலாலம்பூர் தேசிய அரும்பொருட்காட்சிசாலைக்கு வந்தது. யுத்தகாலத்தில், 1945 மார்ச் 10 அன்று, நேசநாட்டு விமானக் குண்டுக்கு இலக்கான பழைய சிலாங்கூர்க் காட்சிசாலை நின்ற இடத்தில், மலாய் அரண்மனையின் கூரைச் சாயலோடு எழுப்பப்பட்டு, 1963 ஆகஸ்ட் 31 இல் திறக்கப்பட்ட மாளிகை அது. முகப்பின் இருபுறமும் தேசத்தின் சரித்திரத்தையும் தொழில்களையும் சித்திரிக்கும் நெடிய கண்ணாடிச்சில்லு ஓவியங்கள். தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளாய்ப் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு பஸ்ஸில் அங்கே போய் இறங்கிய நாங்கள், அவ்வோவியங்களுக்கு எதிரே வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். உள்ளே திமிங்கிலத்தின் விலாவெலும்புகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் சண்டையிட்டோம். அது எவ்விடத்துப் பிராணி என்று விசாரிக்கும் பொறுமை மாத்திரம் எனக்கு அன்று இல்லை. எங்கள் லயத்திலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய கரை அது என்று பல வருஷங்கள் கழித்தே படித்தறிந்தேன்.

பின்னர் அவ்வெலும்புக்கூடு லபுவான் தீவின் கடல்சார் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மெர்லிமாவுக்காரர் ஒருவர் தம் கரையில் ஒதுங்கிய அந்தப் பிராணியைக் காண விரும்பினால், இன்று தென்சீனக் கடலைக் கடந்துதான் போக வேண்டும்.