ஊழியம் என்ற சொல்

பெரம்பூரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு ஜெபவீட்டின் பெயர்ப்பலகை கண்ணில் படும். "அண்ணன் முழுநேர ஊழியத்துக்குப் போய்விட்டார்" என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். வேலையையும் சம்பளத்தையும் விட்டு ஆண்டவருக்குத் தன்னைக் கொடுத்தவர் என்று அதற்குப் பொருள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென்திருவிதாங்கூரில் இதே சொல் நம் மக்களின் முதுகை ஒடித்தது.

அங்கே ஊழியம் என்றால் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. சுமை தூக்க வேண்டும், பாதை வெட்ட வேண்டும், ஓலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் போயாக வேண்டும்.

அந்த நாட்டில், கன்னியாகுமரிக்குப் பக்கத்து மயிலாடியில், சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். கடவுளைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அங்கே மனம் நிறையவில்லை. தஞ்சாவூரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனவர், கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். ஊரில் அடியும் தொல்லையும் காத்திருந்தன. தஞ்சைப் பக்கமே குடும்பங்களோடு குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். கடைசியில் போகவில்லை. ஒரு மிஷனரியை அனுப்பச் சொல்லி மன்றாடினார். 1806-ல் ரிங்கல்தௌபே வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

ரிங்கல்தௌபேயைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கந்தல் உடையில் திரிந்தவர், உண்மையிலேயே பெரிய மனிதர். ஆனால் 1816-ல் உடல் கெட்டு அவர் கப்பலேறிய பிறகு, 1818-ல் மீட் ஐயர் வரும்வரை சபையைத் தாங்கியவர் வேதமாணிக்கம். மிஷன் வரலாறுகளில் அவருக்கு "உதவியாளர்" என்ற இடம்தான் கிடைத்தது. அழைத்தவர் உதவியாளர், அழைக்கப்பட்டவர் நிறுவனர்! வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் விட்டு வந்தால் அது தியாகம். விடுவதற்குக் கொஞ்சமே வைத்திருந்த சாம்பவர் அதையும் பணயம் வைத்தால் அது நன்றிக்கடன். இந்தக் கணக்கை நாம் ஏற்கவில்லை.

கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. வாரத்தில் ஒரே நாள். அதை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. அந்த ஒரு நாளில் மனிதன் தான் விரும்பிய இடத்துக்குத் தன் காலால் நடந்து போகலாம். வேண்டாம் என்று சொல்ல முடிந்தவன்தான் மனமுவந்து கொடுக்கவும் முடியும். வேதமாணிக்கம் செய்த ஊழியத்தை அரசு வாங்கிய ஊழியத்திலிருந்து பிரிப்பது இதுதான்.

நம் பகுதியிலும் இந்தக் கேள்வி எழுந்தது, ஆலயத்தில் அல்ல, ஆலை வாசலில். 1921-ல் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் சேரவில்லை. அவர்களுக்குத் துணைநின்ற எம். சி. ராஜா துரோகி என்று ஏசப்பட்டார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் நமக்குள் வாதிடுகிறோம். ஆனால் சேரியில் சமமாக உட்காராதவர்கள் சேரியிடம் தியாகம் கேட்டார்கள், மறுத்ததும் நெருப்பு வைக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு வாதிட முடியாது.

கிறிஸ்துவைத் தேர்ந்துகொண்ட தலித் இன்றும் விலை கொடுக்கிறார். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது. மதத்தைப் பார்க்காமல் தகுதி வழங்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தும் தலித் கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. சாதி ஆலயத்துக்குள்ளும் தொடர்கிறது, தனிக் கல்லறைவரை. சலுகை மட்டும் ஞானஸ்நானத் தொட்டியோடு போய்விடுகிறது. இதை ஆண்டவருக்கான தியாகமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பிரசங்கிக்கிறவர்களும் உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர்.