சொந்தக் காரணங்கள்

மலேசியக் காற்பந்தில் ஒரு பயிற்றுநர் பதவியை விட்டுப் போகும்போது நாளிதழ்கள் எழுதும் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 'ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை', 'பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்தனர்', 'சொந்தக் காரணங்களுக்காக விலகினார்'. மலாய் நாளிதழ்களில் 'டிரெஹாட்கான்' என்றொரு சொல் வரும். ஓய்வு கொடுக்கப்பட்டார் என்று பொருள். அந்த ஓய்வை அவர் கேட்டிருக்கவே மாட்டார். மூன்று ஆட்டங்களில் அணி தோற்றிருக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சொற்களுக்கு நடுவே நான் தேடுவது ஒரு வாக்கியத்தை. 'குடும்பத்தைக் கவனிக்க வேண்டும், அதனால் விலகுகிறேன்.' உலகின் வேறு இடங்களில் பயிற்றுநர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில், அதுவும் நம் தமிழ்ப் பயிற்றுநர்கள் வாயிலிருந்து, இது ஏன் அச்சுக்கு வருவதே இல்லை? பாசம் குறைவு என்பதால் அல்ல. அந்த வாக்கியத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் நம் காற்பந்து வரலாற்றில் எழுதப்படாத பகுதி என்று நினைக்கிறேன்.

முதலில், சொன்னவர்களைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் கல்லூரிக் காற்பந்து என்பது நாம் உதைக்கும் பந்தல்ல. கையில் ஏந்தி ஓடும் முட்டை வடிவப் பந்து. ஆனால் அங்கே ஒரு பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர், மாநில ஆளுநரைவிட அதிகச் சம்பளம் வாங்குவார். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அர்பன் மேயர் அப்படிப்பட்டவர். 2006, 2008 பருவங்களில் தேசிய வாகையர் பட்டம். ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லட்சம் டாலர். 2009 டிசம்பரில் ஒரு முக்கிய ஆட்டத்தில் தோற்றபின் நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போனார். அதே மாதம் 26-ஆம் தேதி விலகுவதாக அறிவித்தார். மறுநாளே, விலகவில்லை, விடுப்பு மட்டும்தான் என்றார். 2010 டிசம்பரில் மீண்டும் விலகினார். இம்முறை குடும்பத்தோடு இருக்கப் போகிறேன் என்பது வெளிப்படையான காரணம். 2011 நவம்பரில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அழைத்தது. போய்விட்டார். அந்த வேலையை ஏற்கும் முன் பிள்ளைகள் அவரிடம் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள் என்று பிறகு செய்திகள் வந்தன.

'குடும்பம் என்றது சும்மா ஒரு சாக்கு' என்று அப்போதே பலர் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் சாக்காகவே இருந்தாலும் அதைச் சொல்ல அவரிடம் வசதி இருந்தது. ஓராண்டு சும்மா இருந்தாலும் அடுப்பு எரியும், திரும்பி வந்தால் இன்னொரு வேலை காத்திருக்கும்.

ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கே கதை வேறு. தேசிய அணியின் பயிற்றுநராக இருந்தவர் 2019 மார்ச்சில் மால்டாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் அவசரமாக வீடு திரும்பினார். ஜூனில் பதவி விலகினார். காரணத்தைச் சொல்லவில்லை. ஸ்பானிய ஊடகங்களும் துருவிக் கேட்கவில்லை. ஆகஸ்ட் 29-ஆம் தேதி அவருடைய ஒன்பது வயது மகள் சானா எலும்புப் புற்றுநோயால் இறந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அவருக்குப் பழைய பதவி திரும்பக் கிடைத்தது. ஒரு தகப்பன் போய்வர இடம் விட்டு, நாற்காலியை அவருக்கே திருப்பிக் கொடுத்தது ஒரு சங்கம். இங்கே இதை நினைத்துப் பார்க்கவே கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

இனி நம் ஊர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர்களிடம் காற்பந்து வந்த வழிகள் இரண்டு. ஒன்று தோட்டம். மற்றொன்று ரயில்வே குடியிருப்புகளும் ஆங்கிலப் பள்ளிகளும் இருந்த பட்டணம். கோலாலம்பூரில் 1914-லேயே தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் தொடங்கிவிட்டது. டிபிசிஏ என்றால் பழையவர்களுக்கு இன்றும் முகம் மலரும். மலாயா கிண்ணப் போட்டி தொடங்கிய 1921-க்கும் ஏழாண்டு முந்தையது அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் பிள்ளைகள் பள்ளி முடிந்து பையை வீசிவிட்டுத் திடலுக்கு ஓடிய காலம் பிறகு வந்தது.

தோட்டத்துக் காற்பந்தை எழுதுகிறவர்கள் கிராணியைப் பற்றி, துரை கொடுத்த கிண்ணத்தைப் பற்றி, பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த சண்டையைப் பற்றி எழுதுவார்கள். நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே நிற்க வேண்டும். இருவரும் மரம் வெட்டி, பால் எடுத்து, எடை போட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அதற்குப் பிறகு ஆணுக்குச் சாயங்காலம் உண்டு. பெண்ணுக்குத் தண்ணீர் பிடிப்பது, விறகு, சமையல், பிள்ளைகள். நாலரை மணிக்குத் திடலில் இறங்கிய பதினொரு பேருக்கும் பின்னால் லயத்தில் இன்னும் வேலை முடியாத பதினொரு பெண்களாவது இருந்தார்கள். அணியைப் பயிற்றுவித்தவருக்கும் அப்படித்தான். அவர் சம்பளம் இல்லாமல் பயிற்சி கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சம்பளமில்லாத நேரத்தை ஒருவர் தன் உழைப்பால் ஈடுகட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் ஆட்டம் அலுவலகங்களுக்கு நகர்ந்தது. போலீஸ், சுங்கத்துறை, மின்வாரியம், வங்கிகள். நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். பகலில் மேசை, மாலையில் திடல். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற மலேசிய அணியும், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போகாத அணியும் அந்த ஏற்பாட்டில் விளைந்தவைதான். கிள்ளான் துறைமுகத்தில் பிறந்து, 'ஸ்பைடர்மேன்' என்று ஆசியா முழுக்க அறியப்பட்ட கோல் காவலர் ஆர். ஆறுமுகம் அந்தத் தலைமுறையின் முகம். 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. அதற்கு அடுத்த ஆண்டுதான், 1989-இல், இங்கே அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. அவருக்கு முன்னும் உடனும் ஆடியவர்களின் வீடுகளுக்கு ஆட்டம் தந்தது புகழும் ஒரு அரசாங்க வேலையும்தான்.

ஆறுமுகத்தை நினைவூட்டும் ஒரு பாத்திரம் 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தில் இருக்கிறது. அங்கேயும் வீடு ஒரு தடைதான். பந்தைவிடப் பிழைப்பே பெரிது என்று நினைக்கும் தகப்பன், அவர் மனம் மாறவேண்டும், மகன் ஆடவேண்டும். பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கியது. வெளியே வந்தபின் யோசித்தேன். அந்தத் தகப்பன் பக்கத்தில் நின்று யாரும் ஒரு கதை சொன்னதில்லையே.

1994-இல் லீக் முழுத் தொழில்முறை ஆனது. அதே வேகத்தில் ஆட்டச் சூதும் வெடித்தது. ஆட்டக்காரர்களோடு பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள். ஆனால் பயிற்றுநர் வீடுகளைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் வேறொன்று. ஓய்வூதியம் உள்ள வேலையை விட்டுவிட்டு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்துக்குப் போக வேண்டும். நாலு ஆட்டம் தோற்றால் மாநிலம் மாற வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிடுங்க முடியாது, ஆகவே குடும்பம் கிள்ளானிலோ காஜாங்கிலோ, அப்பா கோத்தா பாருவிலோ கூச்சிங்கிலோ.

கே. ராஜகோபால் இந்தக் காலத்தின் உச்சம். 2009 டிசம்பரில் வியந்தியானில் வியட்நாமை 1-0 என்று வென்று சீ விளையாட்டுத் தங்கம், 20 ஆண்டுகளுக்குப் பிறகு. அடுத்த ஆண்டு சுசுகி கிண்ணம். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று உதை வாங்கிய அணி, அதே இந்தோனேசியாவை டிசம்பர் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வீழ்த்தியது. 29-ஆம் தேதி ஜக்கார்த்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் கிண்ணம் நமக்கு. 31-ஆம் தேதி நாட்டுக்கே விடுமுறை விட்டார்கள்.

அந்தத் தேதிகளை மறுபடியும் பாருங்கள். 2009 டிசம்பர், 2010 டிசம்பர், பிறகு 2012-இன் நவம்பர், டிசம்பர். அன்று மலேசியப் பள்ளிகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை இருந்ததே அந்த மாதங்களில்தான். நாடு முழுக்கத் தகப்பன்கள் பிள்ளைகளைக் கேமரன் மலைக்கும் லங்காவிக்கும் கூட்டிக்கொண்டு போகிற காலத்தில், தேசியப் பயிற்றுநர் முகாமில் இருப்பார். உள்நாட்டு நாட்காட்டியும் சளைத்ததல்ல. 2013 மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நவம்பர் 3. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 2. இதில் யாருடைய தனிப்பட்ட தவறும் இல்லை. நாட்காட்டி போடுகிறவர்கள் யார் வீட்டு நாட்காட்டியைப் பார்த்துப் போடுவதில்லை என்பதுதான் விஷயம்.

ராஜகோபாலின் ஒப்பந்தம் 2013 இறுதியோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் பி. சத்தியநாதன். 2007-இல் மெர்டேக்கா கிண்ணத்தை வென்று தந்தார். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-5. பதவி போயிற்று. பிறகு கிளந்தான், ஆயுதப் படை, ஃபெல்டா யுனைடெட், சிலாங்கூர் என்று பயணம். மனதில் பட்டதைப் பேசுவார், அதற்காகச் சங்கத்தின் தண்டனையையும் வாங்கியிருக்கிறார். மலேசியக் காற்பந்துப் பயிற்றுநர் சங்கத்தின் தலைவராக, சம்பள பாக்கியைப் பற்றியும் பாதியில் கிழிக்கப்படும் ஒப்பந்தங்களைப் பற்றியும் விடாமல் பேசியவர். 2023 ஜூலை 18-ஆம் தேதி, 65 வயதில் காலமானார். அவர் பேசியதெல்லாம் தொழிற்சங்கப் பேச்சு என்று பலருக்குப் பட்டது. எனக்கு அது குடும்பத்தைப் பற்றிய பேச்சாகவே கேட்கிறது. மூன்று மாதச் சம்பளம் வராத வீட்டில் 'குடும்பத்துக்காக விலகுகிறேன்' என்று எவன் சொல்வான்? அங்கே குடும்பத்துக்காகத்தான் விலகாமலே இருக்கிறான்.

அவர் மறைந்த அந்தப் பருவத்துக்கு முன்பே மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் பணப் பிரச்சினையால் உரிமம் இழந்திருந்தன. இந்தியக் காற்பந்துச் சங்கமான மிஃபாவில் வேர்கொண்டு வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022 பருவத்தோடு லீக்கை விட்டே விலகியது. ஒரு குழு கலையும்போது ஆட்டக்காரர்களின் பெயர்கள் செய்தியில் வரும். பயிற்றுநர், உடற்பயிற்சியாளர், ஜெர்சி துவைப்பவர் வீடுகளில் அந்த மாதம் என்ன நடந்தது என்பது வராது.

உச்சத்தில் இருந்தவர்கள் கதையே இப்படி என்றால், எந்தச் சம்பளமும் இல்லாத பள்ளிப் பயிற்றுநர்களைப் பற்றி என்ன சொல்ல? அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுநருக்கு இணையாக நம்மிடம் இருந்தவர்கள் அவர்கள்தான். காலையில் கணக்கோ வரலாறோ நடத்திவிட்டு மாலையில் விசிலோடு நிற்கும் வாத்தியார்கள். எண்பதுகளில் கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்த்துக்கொண்டவர். பையன்களுக்குத் தன் காசில் பூட்ஸ் வாங்கித் தருவார். மூன்றாவது குழந்தை நடக்கச் சிரமப்படும் குழந்தையாகப் பிறந்தது. மனைவி தாதி, மூன்று ஷிஃப்ட் வேலை. ஒரு ஜனவரியில், இனி திடலுக்கு வரமாட்டேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டார்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? ஒட்டுக்கடையில், "பொண்டாட்டிக்குப் பயந்துட்டாருப்பா சாரு" என்றார்கள். "நல்லா இருந்த டீமை நட்டாத்துல விட்டுட்டாரு" என்றார்கள். அந்த வருடம் மாவட்டப் போட்டியில் தோற்றதற்கும் அவர்தான் காரணமானார். அவரும் எந்த விளக்கமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "சொந்த விசயம்" என்று முடித்துக்கொண்டார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். சாரைப் பற்றிப் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவரு ஏன் திடலுக்கு வரலைன்னு ஊரே கேட்டுச்சு தம்பி. அவரு திடல்ல நின்ன பன்னெண்டு வருசமும் வீட்ல யாரு நின்னான்னு ஒருத்தரும் கேக்கலையே."

அதில் கோபம் இல்லை. கணவர் மேல் குறையும் இல்லை. ஒரு கணக்கு சரியாக எழுதப்படவில்லை என்று சொன்னார், அவ்வளவே.

நம் சங்கங்களின் பொன்விழா மலர்களைப் புரட்டுகிறேன். இரண்டு வரிசையில் ஆட்டக்காரர்கள், நடுவில் கிண்ணம், ஓரத்தில் கைகட்டி நிற்கும் பயிற்றுநர். கீழே பெயர்கள், இடமிருந்து வலம். யார் கோல் போட்டார், எந்த நிமிடத்தில் என்பதெல்லாம் உண்டு. பயிற்றுநர் ஏன் அந்த ஆண்டோடு நின்றார் என்பது இல்லை. அவர் திடலில் இருந்த மணிநேரங்களை வீட்டில் யார் சுமந்தார் என்பதும் இல்லை.

இப்போது பலர் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்போய் வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறார்கள். நல்ல வேலை, அவசரமான வேலையும்கூட. அந்த வீடுகளில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாரே, அவரையும் உட்காரச் சொல்லி நாலு கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு சம்பளம் வரவில்லை, எந்தத் தீபாவளிக்கு அவர் இல்லை, யாருடைய நகை அடகுக் கடைக்குப் போனது என்று தேதியோடு சொல்வார்கள். மலேசியத் தமிழர் காற்பந்தின் பாதி ஆவணம் அவர்களிடம்தான் இருக்கிறது.