பத்தில் ஒருவர்: தஞ்ச வழக்குகளில் ஓர் எண்ணின் பயணம்

ஆஸ்திரேலியாவில் மறுக்கப்பட்ட பாதுகாப்பு விசா விண்ணப்பம் மறுபரிசீலனைக்கு வரும்போது, நாடு திரும்பினால் விண்ணப்பதாரர் துன்புறுத்தப்படுவதற்கு ‘மெய்யான வாய்ப்பு’ உண்டா என்பதே மையக் கேள்வி. அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 1989 டிசம்பரில் சான் வழக்கில் இந்தச் சோதனையை நிலைநாட்டியது. பண்பாட்டுப் புரட்சியில் தோற்ற அணியைச் சேர்ந்த ஒரு சீனரின் வழக்கு அது. வாய்ப்பு 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலும் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு என்றார் தலைமை நீதிபதி மேசன். நீதிபதி மக்ஹியூ, வாய்ப்பு 10 விழுக்காடே ஆனாலும் அச்சம் ஆதாரமுள்ளதாகலாம் என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கருத்தையும் எடுத்தாண்டார். அந்த எண்ணையே சோதனையின் கீழ்வரம்பாக வாசிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பு ஏற்கத்தக்கதன்று.

எண்ணின் வேர் நோர்வே சட்ட அறிஞர் அட்லே கிரால்-மாட்சன் 1966இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. அவர் ஒரு கற்பனை நாட்டைக் காட்டுகிறார். அங்கே வயதுவந்த ஆண்களில் பத்தில் ஒருவர் கொல்லப்படுகிறார், அல்லது தொலைதூர உழைப்பு முகாமுக்கு அனுப்பப்படுகிறார். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அங்கிருந்து தப்பியவரின் அச்சத்துக்கு ஆதாரம் இருப்பது வெட்டவெளிச்சம் என்பது அவர் முடிவு. இங்கே ‘பத்தில் ஒருவர்’ ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த கதியைச் சொல்கிறது. தனியொருவரின் ஆபத்தை அளக்கும் கோலாக வரவில்லை. அதைவிட முக்கியம், கிரால்-மாட்சன் காட்டுவது ஐயத்துக்கே இடமில்லாத நிலையை. எல்லைக்கோடு எங்கே விழும் என்று அந்த எடுத்துக்காட்டு சொல்லவே இல்லை.

1987 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன்ஸ் இதை மேற்கோள் காட்டி, ஆபத்து 10 விழுக்காடுதான் என்பதற்காக அச்சம் ஆதாரமற்றது என்று தள்ள முடியாது என்றார். மறுப்பவரின் வாதத்தை அடைக்க வந்த எதிர்மறை வாக்கியம் அது. மக்ஹியூவின் கையில் அது நேர்மறையாகிறது. கிரால்-மாட்சனின் நாடு மறைந்து எண் மட்டும் மிஞ்சுகிறது. எட்டாக் கற்பனையான ஆபத்தை விலக்கவேண்டும் என்று மக்ஹியூ அடுத்து எழுதினார். அந்த எட்டாக் கற்பனைக்கும் 10 விழுக்காட்டுக்கும் நடுவே உள்ள பரப்பைப் பற்றி அந்த வாக்கியங்கள் பேசவில்லை. அந்த மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. 8 விழுக்காட்டு ஆபத்தில் இருப்பவரைத் திருப்பி அனுப்ப மக்ஹியூ அனுமதித்தார் என்று சொல்வது, அவர் எழுதாததை அவர் தலையில் கட்டுவதாகும்.

பின்வந்தவையும் எண்ணுக்குத் துணை நிற்கவில்லை. 1997இல் குவோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், மெய்யான அடிப்படை வேண்டும், வெறும் ஊகம் போதாது என்றது. ‘மெய்யான வாய்ப்பு’ என்ற சொற்றொடரே அகதிகள் உடன்படிக்கையின் சொற்களுக்கு மாற்றாகிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சொற்றொடரைக் குடிவரவுச் சட்டத்தின் 5ஜே பிரிவில் சேர்த்தபோது விழுக்காடு எதையும் சேர்க்கவில்லை.

எண்ணைவிட விசாரணையே பெரிது என்பதற்கு பிரிட்டனில் ஆறு இலங்கைத் தமிழர்களின் வழக்கு சான்று. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை, துன்புறுத்தல் நேர நியாயமான சாத்தியம் உண்டா என்பதைப் புறநிலையாகவே பார்க்கவேண்டும் என்று கூறி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர்களில் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். 1989 மார்ச்சில், அவர்கள் இலங்கையில் இருக்கும்போதே, மேன்முறையீட்டை விசாரித்த நடுவர் ஐவரின் அச்சமும் ஆதாரமுள்ளதே என்று கண்டார். அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினர். அச்சத்தை அளக்கும் சட்டக்கோல் மாறவில்லை. மாறியது, ஆதாரங்களை நேர்நின்று எடைபோட்டவர். ஆஸ்திரேலியாவில் அந்தப் பணி 1993 ஜூலை 1 முதல் அகதிகள் மறுபரிசீலனைத் தீர்ப்பாயத்திடமும், 2015 முதல் நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடமும் இருந்தது. 2024 அக்டோபர் 14 முதல் நிர்வாக மறுபரிசீலனைத் தீர்ப்பாயத்திடம் இருக்கிறது.

எண் ஒருபுறம் இருக்க, அச்சத்தை எந்த நாளில் நின்று அளப்பது என்பதிலும் சான் வழக்கின் நீதிபதிகள் ஒரே குரலில் பேசவில்லை. முடிவெடுக்கும் நாளே கணக்கு என்பது நடைமுறையாகிவிட்டது. ஆனால் நாட்டைவிட்டு வெளியேறிய நாளில் இருந்த நிலைக்கு நீதிபதி காட்ரன் கொடுத்த எடைக்கு முழுமையான மறுமொழி இன்னும் வரவில்லை.